அரை மார்க்கும் ஒரு தேயிலை மரமும்

போன வருஷம் ஆகஸ்ட்ல வச்ச ஒரு யூனிட் டெஸ்ட் பேப்பர் இன்னும் என் டிராயர்லயே இருக்கு. பத்தாம் வகுப்பு, தாவர ஹார்மோன் பாடம். ரெண்டு மார்க் கேள்வி: நுனி ஆதிக்கம் என்றால் என்ன, ஒரு எடுத்துக்காட்டு தருக. அந்த பேப்பர எழுதுன பொண்ணு, நுனி மொட்டு பக்க மொட்டுகள வளர விடாம வைக்கறதுன்னு விளக்கத்தை புக்ல இருக்கற மாதிரியே எழுதிட்டு, எடுத்துக்காட்டுல இப்படி எழுதியிருந்துச்சு: "தேயிலை ஒரு மரம். அதன் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் அது செடியாக இருக்கிறது." நான் மரம்ங்கற வார்த்தையை சிவப்பு பேனாவுல சுழிச்சு, பக்கத்துல புதர்ச்செடின்னு எழுதி அரை மார்க் குறைச்சேன். பேப்பர் கொடுத்த அன்னிக்கு அது என்கிட்ட வந்து "டீச்சர், இது ஏன்?"னு கேட்டுச்சு. "தேயிலை புதர்ச்செடிம்மா, ஆறாவதுலயே படிச்சிருப்பியே"ன்னு சொன்னேன். "எங்க லைனுக்குப் பின்னாடி அது மரமா தான் டீச்சர் இருக்கு"ன்னுச்சு. லைன்னா தோட்டத் தொழிலாளர்களோட வரிசை வீடுங்க. பரீட்சையில புக்ல இருக்கறத எழுதுன்னு சொன்னேன். "சரிங்க டீச்சர்"னு போயிருச்சு.

நான் காரமடை பக்கத்து ஆளு. கோத்தகிரி பக்கம் வேலைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகுது. பஸ்ல வரும்போது ரெண்டு பக்கமும் தேயிலையப் பாத்துக்கிட்டே தான் தினமும் வர்றேன், இடுப்பு உயரத்துக்கு மேல ஒரு தேயிலையக் கூட பாத்ததில்ல. அதனால என் மனசுல தேயிலைன்னா அந்த உயரம் தான், அந்த மேசை போட்ட மாதிரி தட்டையான பச்சை தான், வேற உருவம் ஒண்ணு அதுக்கு இருக்கும்னு தோணவே இல்ல. பாடம் நடத்தும்போது நுனி ஆதிக்கத்துக்கு நான் சொன்ன உதாரணம் என்ன தெரியுமா, வேலி ஓரத்து செம்பருத்தி. நாலு பக்கமும் தேயிலை இருக்கற கிளாஸ் ரூம்ல நின்னுக்கிட்டு, கூட உக்காந்திருக்கற முக்கால்வாசி புள்ளைங்களோட அம்மா இலை பறிக்கப் போயிருக்கும்போது, நான் சமவெளியில இருந்து ஒரு செம்பருத்திய கொண்டு வந்து நிறுத்தியிருக்கேன்.

லைனுக்குப் பின்னாடி

மே மாசம் ரிசல்ட் வந்துச்சு, அந்தப் பொண்ணு நல்ல மார்க். ஆனா ஜூன் ரெண்டாவது வாரம் வரைக்கும் பதினொண்ணாவது சேரவே இல்லன்னு தெரிஞ்சுது. எங்க ஸ்கூல் பத்தாவது வரைக்கும் தான், வேற ஸ்கூல் போகணும், அந்த இடைவெளியில தான் நிறைய புள்ளைங்க நின்னு போயிடுறாங்க. சரி, வீட்ல பேசிப் பாக்கலாம்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். மெயின் ரோட்ல இறங்கி கீழ ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். பாட்டி, அம்மா, ரெண்டு புள்ளைங்க. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்த குடும்பம், பாட்டி இன்னும் டீயை தேத்தண்ணின்னு தான் சொல்றாங்க. சேக்கலாம்னு தான் இருக்கோம், பஸ்ஸு தான் யோசனைன்னு அவங்க அம்மா சொன்னாங்க. அந்தப் பேச்சு சீக்கிரமே முடிஞ்சிருச்சு, திங்கக்கிழமையே சேத்துடறேன்னுட்டாங்க. அப்புறம் நானே தான் கேட்டேன், இங்க தேயிலை மரம் ஒண்ணு இருக்காமேன்னு.

லைனுக்குப் பின்னாடி ஒரு சரிவு. யாரோ ஒருத்தரோட பட்டா நிலம், ஆள் கூலிக்கும் பச்சை இலை விலைக்கும் கட்டுப்படி ஆகாம பல வருஷமா விட்டுட்டாங்களாம். "பாத்து வாங்க டீச்சர், காட்டு மாடு நிக்கும்"னு சொல்லிக்கிட்டே பொண்ணோட அம்மா, அந்த அக்கா, முன்னாடி போனாங்க. உள்ள போனா நிழல். முதல்ல ஏதோ சோலைக்குள்ள வந்துட்டோம்னு தான் நினைச்சேன். அண்ணாந்து பாத்தா ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல, சாம்பல் கலர்ல வழவழன்னு தண்டு, சிலது என் தொடை கனம் இருக்கும், நடுநடுவுல பழைய சில்வர் ஓக். கீழ மூணு மூணு புடைப்பா பச்சைக் காய், உடைஞ்சு கிடந்ததுல கோலி குண்டு மாதிரி பழுப்பு விதை. ஒரு கிளையை வளைச்சு இலையப் பாத்தேன், அந்த ஓரத்துப் பல்லு, அந்த நடு நரம்பு, அதே தேயிலை. பதினொரு வருஷமா நான் பாத்தது எல்லாம் இதோட மடக்கி வச்ச உருவம். "குளிர் காலத்துல வந்தீங்கன்னா வெள்ளையா பூத்திருக்கும் டீச்சர், தேனீ ஏறும்"னாங்க. அப்புறம் சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க: "இது விட்டா மரம் தான். நாம தான் விடறதில்ல."

அங்கயே நின்னுக்கிட்டு எனக்கு அந்த விடைத்தாள் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பொண்ணு எழுதுன ரெண்டு வரியில பாடம் முழுசா இருந்திருக்கு. புக்குல என்ன சொல்றோம், நுனி மொட்டு ஆக்சின்ங்கற ஹார்மோன சுரக்குது, அது கீழ இறங்கி பக்க மொட்டுகள வளர விடாம வைக்குது, நுனிய எடுத்துட்டா பக்க மொட்டு கிளம்பும். 1930கள்ல திமான், ஸ்கூக்னு ரெண்டு விஞ்ஞானிங்க அவரைச் செடியில இதத் தான் செஞ்சு காட்டுனாங்க, நுனிய வெட்டுனா பக்கக் கிளை வருது, வெட்டுன இடத்துல ஆக்சினை வச்சா வர மாட்டேங்குது. இப்போ சர்க்கரைக்கும் இதுல பங்கு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, நுனி இழுத்துக்கிட்டிருந்த சர்க்கரை அது போனதும் பக்க மொட்டுக்குக் கிடைக்குதாம், அது தான் முதல் உந்துதல்னு பட்டாணிச் செடியில காட்டியிருக்காங்க. இதெல்லாம் ஹார்மோன் பேர் இல்லாம அந்த அக்காவோட விரலுக்குத் தெரிஞ்ச விஷயம். ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கிள்ளிட்டுப் போனா, கீழ இருக்கற இலைக்கணுவுல இருந்து புதுக் கொழுந்து வரும், பத்துப் பதினஞ்சு நாள்ல திரும்ப வந்து அதைக் கிள்ளணும். மரம் ஒவ்வொரு தடவையும் மேல போகப் பாக்குது, ஒவ்வொரு தடவையும் ஒரு கை வந்து அதைப் பக்கவாட்டுல திருப்பி விடுது. அந்தத் தட்டையான பச்சை மேசை ஒரு செடியோட உருவம் இல்ல, ஒரு கூலி வேலையோட உருவம். அதை நான் புதர்ச்செடின்னு திருத்தியிருக்கேன்.

கவாத்தைப் பத்தியும் அவங்க தான் சொன்னாங்க. எவ்வளவு கிள்ளுனாலும் கொஞ்சம் கொஞ்சமா உயரம் ஏறத் தான் செய்யும், அதனால நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா இலையே இல்லாம குச்சியா வெட்டி விடறாங்க. அப்படி மொட்டையா நிக்கற செடி எதை வச்சுத் துளிர்க்குதுன்னு நான் கிளாஸ்ல ஒரு நாளும் கேட்டதில்ல. இலை இல்லன்னா ஒளிச்சேர்க்கை இல்ல, அப்போ சாப்பாடு வேர்ல சேத்து வச்ச ஸ்டார்ச் தான். அதனால தான் பெரிய தோட்டங்கள்ல கவாத்துக்கு முன்னாடி வேரை வெட்டி அயோடின் விட்டுப் பாக்கறது உண்டு, நல்லா கருநீலமா மாறுனா வெட்டலாம், வெளிறிப் போயிருந்தா கொஞ்ச நாள் பறிக்காம விட்டு செடியத் தேத்தணும். நாங்க ஸ்கூல் லேப்ல இலைய ஆல்கஹால்ல வேக வச்சு அயோடின் விட்டுக் காட்டறோமே, அதே டெஸ்ட். அக்காவுக்கு அயோடின் தெரியாது, "சத்து இல்லாதப்ப வெட்டுனா பட்டுப் போயிரும் டீச்சர்"னாங்க.

சீட்டுல இருந்த நம்பர்

திரும்ப வீட்டுக்கு வந்தா பாட்டி டம்ளர் நிறைய கடுஞ்சிவப்பா வெறும் டீ வச்சிருந்தாங்க. அக்கா குடிக்கறதுக்கு முன்னாடி சேலை முடிச்ச அவுத்து ஒரு மாத்திரைய எடுத்து வாயில போட்டு, டீயவே குடிச்சு விழுங்கினாங்க. என்ன மாத்திரைக்கான்னு கேட்டேன். சத்து மாத்திரை, ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரியில கொடுத்தாங்கன்னு சீட்டை எடுத்துக் காட்டினாங்க. ஹீமோகுளோபின் 9.4. நாலு மாசமா போடறாங்களாம், ஏறவே இல்லையாம், மேடு ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்.

எனக்குத் திக்னு ஆயிருச்சு. ஏன்னா இதுவும் நான் நடத்துற பாடம் தான். தேயிலையில இருக்கற டானின் வகைப் பொருள்கள் இரும்போட ஒட்டிக்கிட்டு குடல்ல உறிஞ்ச விடாம பண்ணும், முக்கியமா கீரை, பருப்பு, மாத்திரைல இருந்து வர்ற இரும்பை. அந்தப் பொருள் செடியில எங்க அதிகம்? அதே ரெண்டு இலை ஒரு மொட்டுல. பூச்சி புழு முதல்ல வர்றது இளசுக்குத் தான், அங்க தான் கசப்பையும் துவர்ப்பையும் செடி கொட்டி வச்சிருக்கு. செல்லுக்குள்ள அது வாக்குவோல்ங்கற பையில தனியா இருக்கும், அதை மாத்துற நொதி வேற அறையில இருக்கும், ஃபேக்டரியில இலைய நசுக்கும்போது தான் ரெண்டும் கலந்து பச்சை செம்பழுப்பாகுது. அந்த மரம் தன் நுனியக் காப்பாத்தறதுக்காக வச்சதை இவங்க விரலால கிள்ளி, கூடையில சுமந்து, எடை போட்டுட்டு, கடைசியில அதோட தூளை வாங்கிக் குடிச்சு, தனக்குக் கிடைக்கற கொஞ்சம் இரும்பையும் அதுக்கே கொடுத்துட்டிருக்காங்க. எத்தனை வருஷமா எங்க கிளாஸ்லயே வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுக்கறேன், மதிய சாப்பாட்டுக்கு அப்புறம், பாதிப் பேர் பாட்டில்ல கொண்டு வந்த டீயக் குடிச்சுத் தான் விழுங்கியிருப்பாங்க. நான் பக்கத்துல நின்னு பேர் டிக் பண்ணியிருக்கேன்.

"அக்கா, டீயோட மட்டும் போடாதீங்க. டீ குடிச்சா ஒண்ணு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க, வெறும் தண்ணியில, முடிஞ்சா ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழத் தண்ணியோ கூட"ன்னு சொன்னேன். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். அடுத்த தடவை ஆஸ்பத்திரி போறப்ப இதையும் சொல்லிக் கேளுங்கன்னேன். அவங்க சிரிச்சாங்க, "இவ்வளவு நாளா யாரும் சொல்லலியே"ன்னு. அந்த யாரும்ல நானும் இருக்கேன்.

மேடு ஏறி ரோட்டுக்கு வரும்போது தான் இன்னொண்ணு உறைச்சுது. அந்த 9.4ங்கறதே முழு உண்மை இல்ல. பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்துல 12 கிராம்ங்கற கோடு கடல் மட்டத்துக்குப் போட்டது. மெட்ராஸ்ல காத்தழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்னா, 2,240 மீட்டர் உயரத்துல இருக்கற ஊட்டியில 580 வாக்குல தான். ஆக்சிஜன் எங்கயும் அதே 21 சதவீதம் தான், ஆனா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள வர்ற அளவு குறையும். அதை ஈடு கட்ட சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின்ங்கற ஹார்மோன சுரக்குது, எலும்பு மஜ்ஜை கூடுதலா சிவப்பணு தயாரிக்குது, அதனால மலையில இருக்கறவங்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடவே இருக்கணும். உலக சுகாதார நிறுவனமே உயரத்துக்கு ஏத்த மாதிரி கழிச்சுட்டுத் தான் ரத்தசோகையக் கணக்குப் பாக்கச் சொல்லுது. கோத்தகிரி உயரத்துக்கு அது ஒரு கிராம் வாக்குல வரும். அப்போ அக்காவோட 9.4, கீழ மேட்டுப்பாளையத்துல இருக்கற ஒருத்தரோட 8.4 மாதிரி. அதே தாள்ல அதே நம்பர், அர்த்தம் வேற. அந்த உடம்போட தான் தினமும் கூடைய முதுகுல போட்டுக்கிட்டு சரிவுல ஏறி இறங்கறாங்க.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. ஹீமோகுளோபின் தான் கடைசியில குறையும். முதல்ல கல்லீரல்லயும் மஜ்ஜையிலயும் ஃபெரிட்டின்னு சேத்து வச்ச இரும்பு தீரும், அது தீர்ந்தப்புறம் தான் ரத்தத்துல தெரியும். வேர்ல ஸ்டார்ச் இல்லாத செடி மாதிரி தான், மேல பாத்தா ரொம்ப நாளைக்குப் பச்சையாவே இருக்கும்.

72ம் 37ம்

இந்த வருஷம் ஜூலைல ரத்த ஓட்டம் பாடம் வந்தப்ப நான் புக்கத் திறக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் மணிக்கட்டுல விரல் வச்சு நிமிஷத்துக்கு எத்தனை துடிப்புன்னு எண்ணச் சொன்னேன். காலையில படுக்கையில எழுந்ததும் ஒண்ணு, ஸ்கூல் மேடு ஏறி வந்ததும் ஒண்ணு. புக்ல 72ல இருந்து 75. எங்க கிளாஸ்ல காலையில 58 இருந்த பையன் இருக்கான், தினமும் கிரவுண்ட்ல ஓடறவன். மேடு ஏறி 130 வந்த பொண்ணும் இருக்கு. 58 வந்தவன் பயந்துட்டான், "டீச்சர் எனக்கு ஏதாவது வியாதியா"ன்னு கேட்டான். ஓடி ஓடி உன் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகிருச்சுடா, அதனால கம்மியா துடிச்சாலே போதும்னு சொன்னதும் அவன் முகத்துல வந்த சந்தோஷத்த நான் எந்த ரிசல்ட் அன்னிக்கும் பாத்ததில்ல. உடல் வெப்பம் 37 டிகிரின்னு இருக்கே, அது கூட 1868ல ஜெர்மனியில வுண்டர்லிஷ்ங்கற டாக்டர் ஆயிரக்கணக்கான பேரோட அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து எழுதுனது, இப்போ எடுக்கற கணக்குல சராசரி அதை விடக் கொஞ்சம் கம்மியாத் தான் வருதுன்னும் சொன்னேன். திபெத்காரங்க நம்மள விட ரெண்டு மடங்கு உயரத்துல இருந்தும் ஹீமோகுளோபின் பெருசா ஏறாம வாழறாங்க, தென் அமெரிக்கா ஆண்டிஸ் மலைக்காரங்களுக்கு நல்லா ஏறியிருக்கும், ஒரே பிரச்சனைக்கு ரெண்டு உடம்பு ரெண்டு வழி கண்டுபிடிச்சிருக்குன்னு சொன்னப்ப ஒரு ஹட்டிப் பையன் (ஹட்டின்னா படுகர் கிராமம்) கேட்டான், "அப்போ நாம எந்த வழி டீச்சர்?" நல்ல கேள்வி. நம்ம உடம்பு ரத்தத்தக் கூட்டுற வழி தான்டா, அதுக்கு இரும்பு வேணும்னு சொல்லி அன்னிக்கே மாத்திரைக்கும் டீக்கும் உள்ள சண்டைய போர்டுல எழுதினேன். இப்போ மாத்திரை நாள்ல டீ பாட்டில் எல்லாம் என் மேஜை மேல வந்துரும், சாயங்காலம் தான் திருப்பிக் கொடுப்பேன்.

இது எல்லாருக்கும் பிடிக்கல. எங்க ஸ்டாஃப் ரூம்லயே ஒரு சீனியர் டீச்சர் சொன்னாங்க, "பப்ளிக்ல 72ன்னு எழுதலன்னா மார்க் போகும், புள்ளைங்கள குழப்பாதீங்க"ன்னு. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. மார்க் போனா அந்தப் புள்ளைக்கு எந்த குரூப் கிடைக்கும், எந்த காலேஜ் கிடைக்கும்ங்கறது மாறிப் போயிடும், அத வச்சு நான் பரிசோதனை பண்ண முடியாது. அதனால இப்பவும் பப்ளிக்ல புக்ல இருக்கறத எழுதுங்கன்னு தான் சொல்றேன், அந்த வாக்கியத்த சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த சிவப்புச் சுழி தான் கண்ணுல வருது. ஆனா என் கையில இருக்கற யூனிட் டெஸ்ட்ல, புக்குக்கு மாறா எழுதி ஏன்னு காரணமும் எழுதியிருந்தா முழு மார்க். போன மாசம் ஒருத்தன் இருவித்திலைத் தாவரத்துக்கு ஆணிவேர்ங்கற கேள்விக்கு "தேயிலை நாத்துக்கு ஆணிவேர் இல்லை, ஏனென்றால் அது விதை அல்ல, குச்சி"ன்னு எழுதியிருந்தான். ஒரு இலையோட வெட்டி பாலித்தீன் பையில நட்ட குச்சியில இருந்து வர்றது தண்டுல இருந்து கிளம்பற வேற்றிட வேர், விதையில இருந்து வந்தா தான் ஆணிவேர். அவங்க அப்பா நர்சரி வச்சிருக்காரு. அவன் எழுதுனது தான் சரி.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்ல அந்தப் பொண்ணப் பாத்தேன், புது ஸ்கூல் யூனிஃபார்ம், பயாலஜி குரூப். எனக்கு ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்ததச் சொன்னேன், உனக்கு நான் அரை மார்க் தப்பா குறைச்சுட்டேன், நீ எழுதுனது சரின்னு. அதுக்கு ஞாபகமே இல்ல. "எந்த டெஸ்ட் டீச்சர்?"னு கேட்டுச்சு. சொன்னேன். "ஓ, அதுவா"ன்னு சிரிச்சுட்டு உடனே வேற விஷயத்துக்குப் போயிருச்சு, "டீச்சர், அம்மாவுக்கு ரத்தம் 11.8 வந்துருச்சு, இன்னும் கொஞ்சம் தான், 12 ஆனதும் மாத்திரைய நிறுத்திடலாமான்னு அம்மா கேக்கறாங்க." நான் மனசுக்குள்ள ஒரு கிராமைக் கழிச்சேன். 10.8. "இப்போ நிறுத்த வேண்டாம்னு சொல்லு. 12ங்கறது கீழ இருக்கறவங்களுக்கு, இங்க 13 தாண்டணும். தாண்டுனப்புறமும் உடனே நிறுத்தாம, சேமிப்பு நிறையற வரைக்கும் இன்னும் ஒரு மூணு மாசம் போடணும், எதுக்கும் டாக்டர்கிட்ட இந்த உயரத்துக் கணக்கச் சொல்லியே கேக்கச் சொல்லு"ன்னேன். பஸ் வந்துருச்சு. ஜன்னல் வழியா தலைய நீட்டி, "டீய எத்தனை மணி நேரம் டீச்சர், ஒண்ணா ரெண்டா?"ன்னு கத்துச்சு. ரெண்டு விரலைக் காட்டுனேன்.